மன்னிக்கிறதா, திருப்பிக் கொடுக்கிறதா? சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசங்கத்தில் மன்னிப்பைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். சந்தேகம் அப்புறம்தான் வருகிறது. மதுரையில் எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, ஆராதனை விட்டு வாசலில் நிற்கும்போது, சில நேரம் ராத்திரி பத்து மணிக்குப் போனில். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். அவற்றை அவரவர் சொன்ன மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். யார் கேட்டது என்று தெரியாதபடி ஊர், உறவு விவரங்களை எடுத்துவிட்டேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

மன்னிக்கிறதுன்னா என்ன டீச்சர்? நடந்தது நடக்கவே இல்லைன்னு நினைச்சுக்கணுமா?

வேண்டாம். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் மன்னிக்கவும் ஒன்றும் இல்லை. ஒருவர் உங்களுக்குத் தப்பு செய்திருக்கிறார், அதில் உங்களுக்கு நஷ்டம். முதலில் இதை வாய்விட்டு ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம், "இந்தக் கணக்கை என் கையால் வசூலிக்க மாட்டேன், தேவனிடம் விட்டுவிடுகிறேன்" என்று எடுக்கிற முடிவுதான் மன்னிப்பு. "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று ரோமர் 12:19 சொல்வதும் இதைத்தான். கணக்கு இல்லை என்று அங்கே சொல்லவில்லை. அதை யார் தீர்ப்பது என்றுதான் சொல்லியிருக்கிறது.

மத்தேயு 18-இல் ஒரு ராஜா தன் ஊழியக்காரனின் பதினாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளிவிடுகிறார். அவனோ வெளியே வந்ததும், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையை நெரிக்கிறான். அந்த நூறு வெள்ளிப்பணம் ஏதோ சில்லறை என்பது போலப் பேசுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. மேலூர்ப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா யாரிடமாவது கேளுங்கள், அந்தக் கூலி மொத்தமும் வராமல் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று. உங்கள் நஷ்டம் நிஜம், இயேசு அதைச் சின்னதாக்கவில்லை. ஆனால் ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி, அப்படியென்றால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. நமக்குத் தள்ளிவிடப்பட்டது அவ்வளவு. அதைத் தெரிந்துகொண்டு நூறு நாள் கூலியைப் பாருங்கள் என்கிறார்.

பழைய ஏற்பாட்டுல கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்னு இருக்கே. அது வேதம் இல்லையா?

வேதம்தான். அது எங்கே, யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். உபாகமம் 19-இல் பொய்ச்சாட்சியை நியாயாதிபதிகள் விசாரிக்கிற இடத்தில் வருகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரிவாள் தீட்டுகிறவனுக்குக் கொடுத்த அனுமதி அது இல்லை. தண்டனை குற்றத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்று போட்ட கட்டு.

அந்தக் கட்டு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஆதியாகமம் 4-இல் லாமேக்கைப் பாருங்கள். தனக்காக எழுபத்தேழு மடங்கு பழி விழும் என்று மனைவிகளிடம் பெருமை பேசுகிறான். சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது, "ஏழுதரமட்டுமோ" என்று பேதுரு கேட்டபோது இயேசு "ஏழெழுபதுதரமட்டும்" என்றார். லாமேக்கு பழிக்கு எண்ணிய எண்ணிக்கையை மன்னிப்பின் பக்கம் திருப்பி வைத்தது போல இருக்கிறது. "பழிக்குப்பழி வாங்காமலும்" பிறன்மேல் அன்புகூரச் சொல்லும் லேவியராகமம் 19:18-உம் அதே பழைய ஏற்பாடுதான்.

நான் யாரையும் அடிக்கல, திட்டல. பேசாம ஒதுங்கித்தான் இருக்கேன். இதுவும் பழிவாங்குறதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பழி பெரும்பாலும் அரிவாளோடு வருவதில்லை. அது மொய் நோட்டோடு வரும். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்று காலையில் பீரோவிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து, ஊர் பேர், ஆள் பேர், தொகை என்று விரலை வைத்துத் தேடி, "போன விசேஷத்துக்கு நாம செஞ்சது இவ்வளவு, அவன் செஞ்சது இவ்வளவுதான்" என்று கணக்குப் பார்த்து, குறைத்து எழுதிவிட்டு வருகிறோம். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை மைக்கில் சொல்ல வைத்துவிட்டோம்.

இன்னும் இருக்கிறது. பாகப்பிரிவினைக்கு எல்லாரும் பதிவு அலுவலகத்தில் காத்திருக்க, கையெழுத்துப் போட மட்டும் வராமல் இருப்பது. பத்திரிகையை வேண்டுமென்றே கடைசி நாள் கொண்டுபோய் வைப்பது. பெண் பார்க்க வந்தவர்கள் விசாரித்தால், "நல்ல குடும்பம்தான்... எதுக்கும் நல்லா விசாரிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தையை விட்டுவிடுவது. துக்க வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு அண்ணன் முகத்தைப் பார்க்காமல் திரும்புவது. இதையெல்லாம் செய்கிறவர்கள் வாரம் தவறாமல் கோவிலுக்கு வருகிறவர்கள்தான், நமக்கே தெரியும்.

ஒதுங்குவது எல்லாமே பழி என்று சொல்ல மாட்டேன். உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்களுக்கு வலிக்கக்கூடாது என்று ஒதுங்குகிறீர்களா, அவருக்கு வலிக்கட்டும் என்று ஒதுங்குகிறீர்களா? முதலாவது புத்தி. இரண்டாவது, வசூல் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவன் வந்து மன்னிப்பே கேக்கல. நான் எதுக்கு முந்திக்கிட்டுப் போகணும்?

வேதத்தில் இரண்டு விதமாகவும் இருக்கிறது, அதனால்தான் குழப்பம். லூக்கா 17:3-இல், சகோதரன் மனஸ்தாபப்பட்டால் மன்னியுங்கள் என்று வருகிறது. மாற்கு 11:25-இல், ஜெபம்பண்ண நிற்கும்போது யார்மேலாவது குறை இருந்தால் அங்கேயே மன்னியுங்கள் என்று வருகிறது. அந்த ஆள் அங்கே இல்லவே இல்லை. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வசூலைக் கைவிடுவது உங்கள் பக்கத்து வேலை, அதற்கு அவர் வரவேண்டியதில்லை. உறவு மறுபடி ஒட்டுவதற்கு இரண்டு பேரும் வேண்டும், அதற்கு அவருடைய மனஸ்தாபம் வேண்டும். சிலுவையில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசு சொன்னபோது கீழே நின்ற சேவகர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, சீட்டுப் போட்டு வஸ்திரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முந்திப் போவதைப் பற்றி: மத்தேயு 18:15 பாதிக்கப்பட்டவனைப் போகச் சொல்கிறது. மத்தேயு 5:23 தப்பு செய்தவனைப் போகச் சொல்கிறது. இரண்டு பேரும் கீழ்ப்படிந்தால் பாதி வழியில் சந்தித்துவிடுவார்கள். போனால் தனியாகப் போங்கள், அதுவும் வசனத்திலேயே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம்.

குடிச்சிட்டு வந்து அடிக்கிறார். காலையில கால்ல விழுந்து அழறார். ஏழெழுபது தடவைன்னா நான் இப்படியே இருக்கணுமா?

இருக்க வேண்டாம் அம்மா. மன்னிக்கச் சொன்ன வசனம் எதுவும் அடிக்குக் கீழே போய் நிற்கச் சொல்லவில்லை. சவுல் ராஜா தாவீதைக் கொல்லத் தேடினான். என்கேதி குகையில் சவுல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது தாவீது அவன்மேல் கைபோடவில்லை, சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். சவுல் சத்தமிட்டு அழுதான், "நீ என்னைப்பார்க்கிலும் நீதிமான்" என்றான். அப்புறம் என்ன நடந்தது? சவுல் தன் வீட்டுக்குப் போனான், தாவீது அரணான இடத்துக்கு ஏறிப்போனான். 1 சாமுவேல் 26-இல் சவுல் மறுபடி துரத்துகிறான், மறுபடி அழைக்கிறான். தாவீது அப்போதும் கூடப் போகவில்லை. அந்த அழுகையை அவன் மதித்தான், நம்பவில்லை.

"பொறுத்துப் போம்மா, ஜெபம்பண்ணு" என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிற சபைப் பெரியவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 முதல் இருக்கிறது. அதன்படி அடிக்கக்கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், தாய் வீடோ, அக்கா வீடோ. குடியை விட்டு, அதற்கான சிகிச்சை எடுத்து, பல மாதம் கையை அடக்கிக் காட்டட்டும். மன்னிப்பை அங்கிருந்தே கொடுக்கலாம். திரும்பிப் போவது வேறு முடிவு.

போலீஸ்ல புகார் குடுத்துட்டேன். கிறிஸ்தவனா இருந்துக்கிட்டு மன்னிக்காம கேஸ் நடத்தலாமான்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. வாபஸ் வாங்கணுமா?

ரோமர் 12-ஐ வாசித்து நிறுத்திவிடுகிறோம், அடுத்த பக்கம் திருப்புவதில்லை. 12-இல் "பழிவாங்காதிருங்கள்" என்று எழுதிய அதே பவுல் அப்போஸ்தலர், 13:4-இல் தீமை செய்கிறவன்மேல் தேவ கோபத்தை வரப்பண்ணுகிற ஊழியக்காரன் அதிகாரி என்கிறார். பழிவாங்குகிற வேலையை உங்கள் கையிலிருந்து எடுத்த தேவன் அதை நடு ரோட்டில் போட்டுவிடவில்லை. பிலிப்பியில் பவுலை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாய்ப் போய்விடச் சொன்னபோது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். பின்னால் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். பவுலுக்கு மன்னிக்கத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

நம் காலத்தில் ஒரு சாட்சி: 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்பில் வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் வெளிப்படையாக மன்னித்தார். அதற்குப் பின்னும் அங்கேயே இருந்து தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்தார். வழக்கு தன் வழியில் நடந்தது, முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவருடைய மன்னிப்பு அதனால் பொய்யாகிவிடவில்லை.

சட்டத்திலும் ஒரு கோடு இருக்கிறது. சின்ன அடிதடி, அவதூறு போன்றவற்றில் இரு தரப்பும் சமரசமாகலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359-ஆம் பிரிவில் அந்தப் பட்டியல் இருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவை அதில் இல்லை. அவை அரசே நடத்துகிற வழக்கு, வாபஸ் வாங்குகிற உரிமை உங்களிடம் இல்லை. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று 2012 போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. "சபைக்குள்ளேயே மன்னிச்சு முடிச்சிடலாம்" என்று யார் சொன்னாலும், சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கேட்காதீர்கள். 1098-க்குப் போன் போடுங்கள். குழந்தைக்குச் செய்த கொடுமையை நீங்கள் மன்னித்து மூட, அது உங்களுக்குச் செய்யப்பட்டதே இல்லை.

சரி, ஆனா விசுவாசிகள் ஒருத்தர்மேல ஒருத்தர் கோர்ட்டுக்குப் போகக்கூடாதுன்னு அதே பவுல்தானே சொல்றார்? எங்க அண்ணனும் சபைக்காரர்தான், பூர்வீக இடத்தை அமுக்கிட்டார்.

1 கொரிந்தியர் 6-ஐச் சொல்கிறீர்கள். அங்கே பேச்சு உலக வழக்குகளைப் பற்றி, சொத்து, கொடுக்கல் வாங்கல். முந்தின பதிலில் சொன்ன குற்றங்களைப் பற்றி இல்லை. உங்கள் விஷயம் அந்த வசனத்துக்குள் வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குள்ளே வழக்கைத் தீர்க்கத்தக்க ஒரு விவேகிகூட இல்லையா என்று பவுல் கேட்கிறார். முதலில் சபையில் இரண்டு பேரை வைத்துப் பேசுங்கள், அண்ணனுக்கு வேண்டிய ஒருவரும் அதில் இருக்கட்டும். வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அதிலும் முடியாவிட்டால் சமரச மையமோ மக்கள் நீதிமன்றமோ நல்ல வழி. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்றும் பவுல் கேட்கிறார். ஐந்து சென்டை விட்டுக்கொடுத்து அண்ணனை வைத்துக்கொள்ள உங்களுக்கு முடியும் என்றால் அது பெரிய காரியம். முடியாத நிலை இருக்கலாம். மகள் படிப்பு அந்த இடத்தை நம்பி இருக்கலாம். அந்த முடிவை உங்களுக்காக நான் எடுக்க முடியாது. கேஸ் போட்டாலும் அண்ணன் பிள்ளைகள் பொங்கலுக்கு வந்தால் சோறு போடுங்கள்.

மன்னிச்சிட்டேன்னு ஜெபத்துல சொல்லிட்டேன். ராத்திரி படுத்தா மறுபடி அதே படம்தான் ஓடுது. அப்ப என் மன்னிப்பு பொய்யா?

பொய் இல்லை. அண்ணன்மாரே அடிமையாக விற்றுப்போட்ட யோசேப்பு, தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பேர் வைத்தான், தகப்பன் வீட்டு வருத்தம் எல்லாவற்றையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று காரணமும் சொன்னான். சில வருஷம் கழித்து அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றதும் தனியாகப் போய் அழுதான். அவர்களில் சிமியோனைக் கட்டிவைத்தான், தம்பி பென்யமீனைக் கொண்டுவரச் சொன்னான், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து அவர்கள் தம்பியை விட்டுவிட்டு ஓடுவார்களா என்று பார்த்தான். அண்ணன் யூதா "தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்ற பிறகுதான் தன்னைத் தெரியப்படுத்தினான். மறந்தவன் செய்கிற வேலை இல்லை இது.

படம் ஓடும்போது அதோடு சண்டை போடாதீர்கள். ஓடுகிறது என்று தெரிந்ததும், முதல் கேள்வியில் சொன்ன அந்த முடிவை மறுபடி சொல்லுங்கள், அந்த ஆளின் பேரைச் சொல்லி: "இந்தக் கணக்கு உம்மிடம் இருக்கிறது." ஏழெழுபது தரம் என்பது ஒரே குற்றத்துக்கும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். விசுவாசம் குறைவு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

சங்கீதத்துல எதிரி நாசமாப் போகட்டும்னு தாவீதே ஜெபிக்கிறார். நானும் அப்படி ஜெபிக்கலாமா?

சங்கீதம் 109-ஐ வாசித்தால் நமக்கே உடம்பு நடுங்கும். அது வேதத்தில் இருக்கிறது, மனதில் உள்ளதைத் தேவனிடம் அப்படியே கொட்டலாம் என்பதற்கு அதுவே சாட்சி. பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருக்கட்டும்" என்று ஜெபிப்பதைவிட அது நேர்மையானது. தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே அவன் காதில் விழ வேண்டும் என்று சபிக்கிறோம், ஊர் பார்க்க வேண்டும் என்று சபிக்கிறோம். இங்கே அறை வீட்டைப் பூட்டிக்கொண்டு தேவனிடம் சொல்கிறோம், முடிவை அவரிடம் விட்டுவிடுகிறோம். உபவாசம் இருந்து, அதை நாலு பேரிடம் சொல்லி, "பாரு, அவனுக்கு என்ன ஆகப்போகுதுன்னு" என்பது மண்ணை வாரித் தூற்றுவதுதான், வேறு பேரில்.

மன்னிச்சா இளிச்சவாயன்னு நினைப்பாங்க. கண்ணகி எரிச்ச ஊர் இது. ரோஷம் இருக்கக்கூடாதா?

ரோஷம் இருக்கலாம். பிரதான ஆசாரியன் வீட்டில் சேவகன் அறைந்தபோது இயேசு கேட்டார்: "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?" மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரே அடித்தவனிடம் காரணம் கேட்கிறார். தலை குனியவில்லை, கையும் ஓங்கவில்லை.

கண்ணகியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சிலம்போடு நேராக அரசவைக்குப் போய், ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்டு, சிலம்பை உடைத்துக் காட்டினாள். பரல் மாணிக்கம், முத்து இல்லை. பாண்டியன் தானே கள்வன் என்று ஒத்துக்கொண்டு அங்கேயே உயிரை விட்டான். அது வரைக்கும் அவள் கேட்டது நீதி, அந்த ரோஷம் எந்தக் கிறிஸ்தவனுக்கும் இருக்கலாம். அதற்கு அப்புறம் ஊர் எரிந்தது. கோவலனை யாரென்றே தெரியாத வீடுகளும் எரிந்தன. அவள் துக்கத்தை எடைபோட நான் யார்? ஆனால் பழி எப்போதுமே குற்றவாளியோடு நிற்காது, பக்கத்து வீட்டுக்கும் போகும்.

எங்க அண்ணனை வெட்டினவன் ஜாமீன்ல வந்து எதிர்த் தெருவுல நடக்கிறான். எங்களையும் மன்னிக்கச் சொல்வீங்களா?

இந்த வீட்டில் உட்கார்ந்தால் நான் முதலில் வாயைத் திறப்பதில்லை. வெளியாள் யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. அடக்க ஆராதனையிலேயே "மன்னித்துவிடுங்கள்" என்று பிரசங்கிப்பது கொடுமை என்றே சொல்வேன். அண்ணனுக்குச் செய்ததை அண்ணன் சார்பில் மன்னிக்க உங்களால் முடியாது. உங்களிடமிருந்து அண்ணனை எடுத்துக்கொண்டது என்று ஒரு பங்கு இருக்கிறது, அதுதான் உங்கள் கையில் இருப்பது.

ஆனால் ஒரு காரியத்துக்குக் காத்திருக்க முடியாது: வீட்டில் இருக்கிற பையன்கள். வருஷ நினைவு நாளுக்கு போஸ்டர் அடிக்கிறார்கள், அண்ணன் படம், மீசை முறுக்கிய அடுத்த தம்பி படம், கீழே "வருவோம்" என்கிற மாதிரி இரண்டு வரி. அதையே எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். இருபது வயதுப் பையனுக்கு அதற்கு மேல் பின்வாங்க வழி இருக்காது. அந்த போஸ்டரை வீட்டுப் பெண்கள் நிறுத்துங்கள், உங்களால்தான் முடியும். அன்றைக்குப் பையன்களை வேறு ஊரில் வையுங்கள். மிரட்டல் வந்தால் ஜாமீனை ரத்து செய்ய மனுப் போடுங்கள். மன்னிக்க முடியவில்லை என்றாலும் இதைச் செய்யலாம், இன்றைக்கே செய்யலாம்.

கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ சகோதரி ராணி மரியாவை 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தில் பஸ்ஸில் போகும்போது குத்திக் கொன்றார்கள். கொன்றவனுக்கு 2002-இல் சிறையிலேயே போய் ராக்கி கட்டினார் அவருடைய கூடப்பிறந்த தங்கை. நடுவில் ஏழு வருஷம் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். அவன் 2006-இல் விடுதலையானபோது அந்தக் குடும்பத்தின் மன்னிப்பும் அதற்கு உதவியது. எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படியும் நடந்திருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

எங்க தெருப் பசங்க அடி வாங்கினா எங்களுக்கு மன்னிப்பு பிரசங்கம். அடிச்சவங்களுக்கு என்ன பிரசங்கம்? அவங்களும் கோவிலுக்குத்தானே வர்றாங்க?

நியாயமான கேள்வி, பல வருஷமாகப் பதில் சொல்லப்படாத கேள்வி. சாதியின் பேரில் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே திருவிருந்து வரிசையில் நிற்கிற ஊர்கள் உண்டு. தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்களும் உண்டு. அங்கே அடிபட்டவனிடம் மட்டும் மன்னிப்பைப் பேசினால், அடித்தவனின் காவலுக்கு வேதத்தை நிறுத்துகிறோம் என்றுதான் அர்த்தம். மன்னிப்பைக் கொடுக்கிறவன் தானாகக் கொடுக்க வேண்டும். பலசாலி அதைக் கேட்டு வாங்க முடியாது.

அடித்தவனுக்கான பிரசங்கம் லூக்கா 19-இல் இருக்கிறது. வரி வசூலிக்கிற சகேயு "மன்னியும்" என்று சொல்லி நிறுத்தவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். நீங்கள் பழிவாங்காமல் இருங்கள், அதை உங்களிடமும் குறைத்துச் சொல்ல மாட்டேன். சட்டப்படி புகார் கொடுப்பது பழி இல்லை. போலீஸ் கேள்விக்குச் சொன்ன பதில் இதற்கும் அப்படியே பொருந்தும்.

தப்பு பண்ணினது நான்தான். எப்படிப் போய்க் கேக்கறது?

"நான் செஞ்சது தப்பு" என்று சொல்லி, என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. பணம் என்றால் பணத்தோடு போங்கள், முழுசாக இல்லாவிட்டால் ஒரு பகுதியோடு, மீதிக்குத் தேதியோடு. பேரைக் கெடுத்திருந்தால் யாரிடம் கெடுத்தீர்களோ அவர்களிடமும் போக வேண்டும், அதுதான் கஷ்டம். அவர் மன்னிக்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். வசனம் காட்டாதீர்கள். வந்துவிடுங்கள்.

பேச்சு வார்த்தை இல்லாதவங்க இருக்கும்போது திருவிருந்து எடுக்கலாமா? நாலு வருஷமா நான் எடுக்கல.

நாலு வருஷம் ரொம்ப அதிகம். மத்தேயு 5-இல் இயேசு காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னது உங்களைப் போக வைக்கத்தான், நாலு வருஷம் பந்தியை விட்டு விலக்கி வைக்க இல்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 சொல்கிறது. உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்கள், அவர் கதவைத் திறக்கவில்லை என்றால் தைரியமாக எடுங்கள். நீங்கள் இன்னும் போகவே இல்லை என்றால், இந்த வாரம் போங்கள்.

தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் பந்திக்கு முன் சமாதானம் கொடுக்கிறோம் இல்லையா, ஒருவர் வலது கை இன்னொருவரின் இரண்டு கைக்குள் போய், அவர் அடுத்தவருக்குக் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாகப் போகும். அது தன் கைக்கு வந்துவிடக் கூடாது என்றே தூணுக்கு அந்தப்பக்கம் மாறி உட்காருகிற அக்கா தங்கையை நான் பார்த்திருக்கிறேன். சபைத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றவர்களும் இப்படித்தான், ஓட்டு எண்ணி ரொம்ப நாள் ஆகியிருக்கும். பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச்சு வராவிட்டாலும் கையைக் கொடுக்கலாம். கத்தோலிக்கர் கேட்டால், நற்கருணைக்கு முன் சமாதானம் பகிர்கிற நேரமும் இதற்குத்தான், பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லி ஆலோசனை கேட்கவும் முடியும்.

அப்பா செத்துப் பல வருஷம் ஆச்சு. அம்மாவை விட்டுட்டுப் போனவர். செத்தவரை எப்படி மன்னிக்கிறது?

வசூலிக்க ஆள் இல்லாவிட்டாலும் கணக்கு நம்மிடம் இருந்துகொண்டே இருக்கும். முதல் பதிலில் சொன்ன முடிவுக்கு அவர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. சிலருக்கு அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது உதவியிருக்கிறது, பட்டது எல்லாவற்றையும் மறைக்காமல். அம்மா உயிரோடு இருந்தால், "நீயும் மன்னி" என்று அவரை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். அவருடைய பங்கு அவருடையது.

மன்னிக்காட்டி தேவன் என்னையும் மன்னிக்க மாட்டார்னு மத்தேயு 6:15-ல இருக்கு. எனக்கு முடியலையே, நான் நரகத்துக்கா?

அந்த வசனத்தை நான் மழுப்ப மாட்டேன், இயேசு சொன்னது. ஆனால் அது யாரைப் பயமுறுத்துகிறது என்று பாருங்கள். மத்தேயு 18-இன் ஊழியக்காரன் "எனக்கு முடியலையே" என்று அழவில்லை, தொண்டையைப் பிடித்தான், சிறையில் போட்டான், சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். முடியவில்லை என்று அழுகிறவர் அந்த இடத்தில் இல்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் கேட்டான், இயேசு அவனைத் துரத்தவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். மன்னிக்க விருப்பமே இல்லையா, அதையும் சொல்லி, விருப்பத்தைக் கொடும் என்று கேளுங்கள்.

இதையெல்லாம் யார்கிட்டப் போய்ப் பேசறது? சொன்னா ஊர் பூராவும் தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

அந்தச் சண்டையில் பங்கு இல்லாத ஆளாகப் பாருங்கள். சொந்தக்காரர் வேண்டாம், எவ்வளவு நல்லவரானாலும். ஆயரிடமோ குருவிடமோ போகிறீர்கள் என்றால், "இது நமக்குள்ளேயே இருக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே போகக்கூடாது என்றும் சொல்லுங்கள், அப்படித்தான் பல ரகசியம் வெளியே வந்திருக்கிறது. பெண்கள் பெண்ணிடம் பேசுவது எளிதாக இருக்கும். மனம் ரொம்பக் கனத்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.